தாய்மாமன் சீரில் வந்த மெஷின்

அரியலூர்
7-6-2004

பரிமளாவுக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய் என்பதால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது, கிழித்துத்தான் போட முடியும். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

இளவரசியின் மஞ்சள் நீராட்டுக்கு என் தம்பி தாய்மாமன் சீராகக் கொடுத்த வாஷிங் மெஷின் வேலை செய்யவில்லை. துவைக்கிற தொட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பக்கத்தில் பிழிகிற தொட்டி இருக்கிறதே, டிரையர், அது வந்த நாளிலிருந்து ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. டைமரைத் திருகினால் உம்மென்று உறுமுகிறது. கொஞ்ச நேரத்தில் கரிந்த வாடை வருகிறது. போட்ட துணியைப் போட்டபடியே எடுத்துக் கையால் பிழிகிறேன். அடியில் தண்ணீர் வேறு தேங்கி நிற்கிறது.

சீர் வந்த மறுநாள் தெருவே மெஷினைப் பார்க்க வந்தது. எல்லோருக்கும் முன்னால்தான் முதன்முதலில் போட்டேன். அது உறுமிக்கொண்டு நின்றபோது என் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "ஒன் தம்பி ரெண்டு மெஷினு வாங்குனானாமே. நல்லத அவ வெச்சிக்கிட்டு நொண்டிய நம்ம வூட்டுக்குத் தள்ளி வுட்டுட்டா." அவர் வாயை நான் மூட முடியுமா? ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு மெஷின். ஒன்று உனக்கு, ஒன்று சீருக்கு. தம்பி மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். உன்னுடையது ஓடுகிறது, என் பெண்ணுடையது ஓடவில்லை.

மாற்றினாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

புவனேஸ்வரி


பெரம்பலூர்
11-6-2004

அண்ணிக்கு,

கிழித்துப் போட அனுமதி கொடுத்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்படிப்பட்டதை எல்லாம் கிழிக்கக் கூடாது.

மாற்றவில்லை. இரண்டும் ஒரே டெம்போவில் வந்து இறங்கின. இறங்கியபோது உங்கள் தம்பி பக்கத்தில் நின்றார். எது எனக்கு, எது சீருக்கு என்று கைவைத்துச் சொன்னவரும் அவர்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்தது மட்டும் நான். அதுவும் ஏன் பிரித்தேன்? "சீருன்னா ஊரு பாக்கணும், பொட்டியோட கொண்டாராதீங்க" என்று சொன்னது நீங்கள். ரிப்பன் கட்டி, சந்தனம் வைத்து, பூச்சரம் சுற்றி அனுப்பினேன்.

இனி மெஷினைப் பார்ப்போம். சாயங்காலம் உங்கள் தெருவில் விளக்கே மினுக்மினுக்கென்று எரியும். அந்தக் கரண்டில் டிரையர் உறுமத்தான் செய்யும். நடுப்பகலில் போட்டுப் பாருங்கள். துணியை ஒரு பக்கமாகக் குவிக்காமல் சுற்றிலும் சமமாக அமுக்கி வையுங்கள். மேல்மூடி நன்றாக மூடியிருக்க வேண்டும். மூடியிலிருந்து ஒரு பிரேக் ஒயர் கீழே போகிறது, மூடியைத் திறந்ததும் தொட்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் உறுமலும் வரும், வாடையும் வரும். பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள்.

அந்த மெஷினை உங்கள் வீட்டில் முதலில் திறந்தது யார் என்று எனக்குத் தெரியாது. திறந்தவருக்கு நான் எந்த மனதோடு அனுப்பினேன் என்பது தெரிந்திருக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று போன் பக்கத்திலேயே காத்திருந்தேன். வந்தது உங்கள் கடிதம்.

பரிமளா


அரியலூர்
18-6-2004

பரிமளாவுக்கு,

நீ எந்த மனதோடு அனுப்பினாய் என்பது வாடையிலேயே தெரிகிறது. திறந்து வேறு பார்க்க வேண்டுமா?

நீ எழுதியதை எல்லாம் செய்து பார்த்தேன். நடுப்பகலில் போட்டேன். போதாததற்கு எதிர்வீட்டு ஸ்டெபிலைசரை இரவல் வாங்கி வந்தும் போட்டேன். துணியைச் சமமாக வைத்தேன், துணியே இல்லாமலும் விட்டுப் பார்த்தேன். உறுமல்தான். மிக்சி, கிரைண்டர் பார்க்கிற வெள்ளைச்சாமியை வரவழைத்துப் பின்தகட்டைக் கழற்றச் சொன்னேன். உன் பிரேக் ஒயர் சரியாகத்தான் இருக்கிறதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மோட்டாரு ஓடத்தாங்க பாக்குது. ஏதோ புடிச்சி வெக்கிது. பழைய மெஷினா இருந்தா துருவேறி இப்புடி ஆவும்."

பழைய மெஷின். இதை அவர் என் மாமியாரை வைத்துக்கொண்டு சொன்னார். அன்று மத்தியானத்திலிருந்து இந்த வீட்டில் நான் தலைநிமிர்ந்து தண்ணீர் குடிக்க முடியவில்லை. சிமென்ட் ஆலையிலிருந்து சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர், ஒரு லாரி பிடித்து மெஷினை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரம்பலூரில் உன் வாசலில் இறக்கப் போவதாகக் குதித்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள் என்று உனக்குத் தெரியும். நான்தான் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்காக இல்லை, என் தம்பி பெயருக்காக.

இன்னொன்றும் கேட்டுக்கொள். தா.பழூரில் மாமியாருக்குத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறது. "பன்னண்டு வருசமாச்சி, ஒரு புழு பூச்சி இல்ல, குணமும் இல்ல. இன்னும் என்னாத்துக்குப் பாக்குறான் ஒன் தம்பி?" என்று அவர் கேட்கிறார். இதுவரைக்கும் அந்தப் பேச்சை நான் வளரவிட்டதில்லை. இனி எதற்காகத் தடுக்க வேண்டும்? தம்பியிடம் மெஷின் விஷயத்தைப் போனில் சொல்லிவிட்டேன். மற்றதை அவன் லீவில் வரும்போது பேசிக்கொள்கிறேன்.

புவனேஸ்வரி


பெரம்பலூர்
25-6-2004

அண்ணிக்கு,

உங்கள் தம்பி போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அடுத்து, "அக்கா சொல்லுது, மெஷின மாத்திட்டியா?" என்று கேட்டார். டெம்போவிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் நின்ற மனிதர் கேட்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

தா.பழூர்ப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெண்ணுக்குத் துவைக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மெஷின்தான் ஓடாதே.

வெள்ளைச்சாமி சொன்னதில் பாதி சரி. ஏதோ பிடித்து வைக்கிறது என்றாரே, அது சரி. துரு என்றது தப்பு. அந்தத் தொட்டி பிளாஸ்டிக், அதில் எங்கே துருவேறும்? உங்கள் கடிதம் வந்த அன்றே என் மெஷினை நடுக்கூடத்தில் இழுத்துப்போட்டு ஸ்பேனரால் கழற்றினேன். யாரும் வந்து பார்க்கட்டும் என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். டிரையர் என்பது ஒரு தொட்டி இல்லை, இரண்டு. ஓட்டை ஓட்டையாக இருக்கிற சின்னத் தொட்டி சுற்றும். அதைச் சுற்றி நிற்கிற பெரிய தொட்டி சுற்றாது, தண்ணீரை வாங்கிக் கீழே அனுப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஒரு கைக்குட்டை அதற்குள் நழுவி அடியில் போய் உட்கார்ந்தால் போதும், சின்னத் தொட்டி அசையாது. அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நான்தான் கரண்டு, பிரேக் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வேறொன்றுமில்லை, சந்துக்குள் ஏதோ விழுந்து தண்ணீர் போகிற வழியையும் அடைத்திருக்கிறது. முதல் நாள் போட்ட துணிகளில் ஒரு ரவிக்கையோ காலுறையோ குறைகிறதா என்று பாருங்கள்.

வெள்ளைச்சாமியிடம் சொல்லுங்கள். பின்னால் கீழே மோட்டாரோடு தண்டைப் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றினால் சின்னத் தொட்டியை மேலே உருவிவிடலாம். இதை உங்கள் மாமியாரை எதிரில் உட்காரவைத்துச் செய்யுங்கள். தெருவில் முன்பு பார்க்க வந்தவர்களையும் கூப்பிடுங்கள். உள்ளே துரு இருந்தால் நான் பழைய மெஷினைத் தள்ளிவிட்டவள் என்று ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வீட்டுத் துணி இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை நீங்கள் எழுதுங்கள்.

பரிமளா


அரியலூர்
2-7-2004

ஏய்,

உன் பெயரை எழுதக்கூடக் கை கூசுகிறது.

நீ சொன்னபடியே திறந்தோம். நீ சொன்னபடியே மாமியார் எதிரில் உட்கார்ந்திருந்தார், தெருவும் நின்றது. வெள்ளைச்சாமி தொட்டியை உருவிவிட்டு டார்ச் அடித்தார். அடியில் கிடந்தது எங்கள் வீட்டு ரவிக்கை இல்லை.

மஞ்சள் துணியில் முடிச்சு. முடிச்சைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நெல் முளைத்திருக்கிறது. அவிழ்ந்த பக்கமாக ஒரு மஞ்சள் கிழங்கு. அதோடு சுருண்டு கிடக்கிறது கறுப்பாகச் சங்கிலி இரண்டு. வெள்ளைச்சாமி டார்ச்சை அணைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டார். என் மாமியார், "வயித்தெரிச்சல் புடிச்சவ, வயசுக்கு வந்த புள்ள வூட்டுக்கு வெச்சி அனுப்பியிருக்கா பாரு" என்று மண்ணை வாரி இறைத்தார். தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பழசைத் தள்ளிவிட்டாய் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அது எவ்வளவோ தேவலை. உனக்கு இல்லை என்பதற்காக என் பெண்ணுக்கும் வயிறு திறக்கக் கூடாதா? அவள் உனக்கு என்ன செய்தாள்? "அத்தை, அத்தை" என்று லீவு விட்டதும் உன்னிடம்தானே ஓடி வருவாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பயந்து கிடக்கிறாள்.

அதை யாரும் கையால் தொடவில்லை. இடுக்கியால் எடுத்துக் கொல்லையில் மண்சட்டி போட்டுக் கவிழ்த்திருக்கிறது. அமாவாசைக்கு உடையார்பாளையத்திலிருந்து குறிகாரர் வந்து கழித்துக் கட்டுவார். தம்பிக்கும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் என்னை அண்ணி என்று எழுதாதே.

புவனேஸ்வரி


பெரம்பலூர்
6-7-2004

இளவரசியின் அம்மாவுக்கு,

அந்த முடிச்சை வைத்தது நான்தான்.

சீருக்கு முந்தின நாள் காலையில் நீங்கள் போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? சேலை எடுத்து வைத்திருந்தேன். ஊதா, அரக்குக் கரை. தாய்மாமன் பெண்டாட்டி முதல் தட்டு எடுத்து முன்னால் வருவதுதானே வழக்கம். நீங்கள் சொன்னீர்கள்: "பரிமளா, நீ தட்டு எடுக்க வேணாம். எங்க வூட்ல பேசுவாங்க. பெரியம்மாள எடுக்கச் சொல்லிட்டேன். நீ பின்னால வா." சரி என்றேன். வேறென்ன சொல்வது? உங்கள் தம்பி பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

சாயங்காலம் மெஷினை வேனில் ஏற்ற ஆள் வந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு குடம் கொடுத்தாலும் வெறும் குடமாகக் கொடுக்க மாட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். இதுவும் ஒரு பாத்திரம்தானே. தட்டைத்தான் எடுக்கக் கூடாது, உள்ளே ஒரு பிடி நெல் வைக்கலாம் அல்லவா? துவைக்கிற தொட்டிக்குள் டியூபும் ஒயரும் திணித்திருந்தது. அதனால் டிரையருக்குள் வைத்தேன். கைக்குட்டையை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, நெல்லும் மஞ்சள் கிழங்கும் போட்டு ஒல்லியாகச் சுருட்டி முடிந்தேன். நீங்கள் மூடியைத் திறந்ததும் எடுத்திருப்பீர்கள் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லையே என்று ஆத்திரப்பட்டேன். சிமென்ட் லாரிகள் ஓடிப் பள்ளமான அந்த ரோட்டில் வேன் குதித்த குதியில் அது சந்துக்குள் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எல்லோரையும் கூட்டிவைத்துத் திறங்கள் என்று நானே எழுதியிருப்பேனா? இதையாவது யோசித்தீர்களா?

விதைநெல்லை நனைத்து மூட்டை கட்டி வைத்தால் முளைவிடும் என்பது உங்கள் மாமியாருக்குத் தெரியாதா? நாற்று விட்ட கைதானே அது. நீங்கள் ஓட்டிப் பார்க்க விட்ட தண்ணீரில்தான் அது முளைத்தது. நான் மந்திரம் போட்டு முளைக்கவில்லை. எனக்கு அந்த மாதிரி மந்திரம் தெரிந்திருந்தால் முதலில் எங்கே போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சங்கிலி என் கொலுசு. நான் பெரியவளானபோது என் தாய்மாமன் அரியமுத்து சீரில் வைத்தது. வெள்ளி தண்ணீரிலும் மஞ்சளிலும் கிடந்தால் கறுக்காமல் என்ன செய்யும்? பெண் பிறந்தால் போடலாம் என்று கல்யாணமான நாளிலிருந்து துணியில் சுற்றி வைத்திருந்தேன். இந்த வருஷம் வைகாசியில், இனி வைத்திருந்து என்ன செய்ய, இளவரசி போட்டுக்கொள்ளட்டும் என்று தோன்றியது. யார் கையில் கொடுத்தாலும் என் கையிலிருந்து வந்தது என்று உங்கள் வீட்டில் கழித்துவிடுவார்கள். மெஷினுக்குள் இருந்தால் உங்கள் தம்பி வைத்தது என்று வீட்டில் சொல்லி அவள் காலில் போடுவீர்கள், வைத்தது யார் என்று உங்களுக்கு மட்டும் புரியும். அப்படிக் கணக்குப் போட்டேன்.

குறிகாரர் வரட்டும். கழித்துக் கட்டட்டும். ஆனால் அந்தப் பெண்ணிடம், உன் அத்தை உனக்குக் கெடுதல் வைத்தாள் என்று மட்டும் சொல்லி வளர்க்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன். இதைத் தாங்க முடியாது.

பரிமளா


அரியலூர்
21-7-2004

பரிமளா,

உன் கடிதம் வந்து பல நாளாயிற்று. பதில் எழுதுவதற்கு எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

மாமியார் குளிக்கப் போன நேரத்தில் கொல்லைக்குப் போய்ச் சட்டியை நிமிர்த்தினேன். கையால்தான் எடுத்தேன். விபூதி போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளை வந்தது, கொக்கிப் பக்கத்தில் மாங்காய் மாதிரி ஒரு வேலைப்பாடும் வந்தது. சத்தம் கேட்டு இளவரசி வந்துவிட்டாள். யாருடையது என்று கேட்டாள். அத்தை உனக்கு வைத்தது என்றேன். வேறொன்றும் நான் சொல்லவில்லை. உடனே மாட்டிக்கொண்டாள். மாமியார் கழற்றச் சொல்லிச் சத்தம் போட்டார், அவள் கழற்றவில்லை. இப்போது வீடெல்லாம் சலசலவென்று நடக்கிறாள். சாப்பிடுகிறாள்.

குறிகாரரை வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அதற்காக இந்த வீட்டில் நடந்த சண்டையை நான் எழுதப் போவதில்லை. தா.பழூர்ப் பேச்சை இனி யாரும் இங்கே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். மாமியார் என்னோடு பேசுவதில்லை. ஒரு விதத்தில் நிம்மதி. தம்பிக்குப் போன் போட்டு உள்ளே இருந்தது என்ன, யார் வைத்தது, ஏன் வைத்தாய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு எடுக்க வேண்டாம் என்று போனில் நான் உன்னிடம் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். உன்னிடமே பேசிக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

வெள்ளைச்சாமி தொட்டியை மாட்டிக்கொடுத்தார். டிரையர் சுற்றுகிறது. நன்றாகவே பிழிகிறது. அந்த முளையைக் குப்பையில் போட எனக்கு மனது வரவில்லை. குழாயடிச் சேற்றில் ஊன்றினேன். பாதிக்கு மேல் பச்சை பிடித்திருக்கிறது.

அன்று உன்னைப் பின்னால் வரச் சொன்னதைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எனக்கு எழுத வரவில்லை. ஆடிப்பெருக்குக்குக் கொள்ளிடக் கரைக்குப் போகிறோம். நீ வா. தட்டு நீயே எடு.

புவனேஸ்வரி


பெரம்பலூர்
26-7-2004

அண்ணிக்கு,

அவர் போன் செய்தார். அழுதார். நான் அழவில்லை. மாற்றினாயா என்று கேட்டவருக்கு என்னிடம் அவ்வளவு சீக்கிரம் கண்ணீர் வராது. லீவில் வரட்டும், நேரில் பேசிக்கொள்கிறோம்.

எழுத வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வயிற்றெரிச்சல்காரி என்று எழுதும்போது நன்றாகத்தான் வந்தது. பரவாயில்லை. அந்தக் கடிதத்தையும் நான் கிழிக்கவில்லை.

ஆடிப்பெருக்குக்கு நான் வரவில்லை. எடுக்காதே என்று சொன்னபோது எடுக்காமல் இருந்து, எடு என்று சொன்னவுடன் எடுப்பதற்கு என் கை உங்கள் வீட்டு டைமர் இல்லை. கோபம் தீரவில்லை அண்ணி. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

டிரையரில் துணி போட்டதும் மேலே வைக்கச் சின்னதாக ஒரு வட்டத் தட்டு கொடுத்திருப்பார்கள். அதை வைக்காமல் சுற்ற விடாதீர்கள், திரும்பவும் ஏதாவது சந்துக்குள் போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் வெறும் தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். நாற்றைக் கொசு மொய்க்கிற குழாயடியில் விட்டுவைக்காதீர்கள், வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் பிடுங்கி நடுங்கள்.

அந்த மஞ்சள் கைக்குட்டை என்னுடையது. எனக்கு வேண்டும். மெஷினிலேயே போட்டுத் துவைத்து, காயவைத்து அனுப்புங்கள். தபாலில் வேண்டாம். பஸ் ஏற்றிவிட்டால் இளவரசி தனியாக வருவாள், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அவள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வெறும் துணியாக அனுப்பக் கூடாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பரிமளா